நாற்பத்து மூன்றரை

ராயக்கோட்டை ரோட்டில்
பேட்டரிக் கடைக்கு மேலே ஷட்டர் போட்ட ஒரே அறை.
கீழே லாரி நின்றால் மேலே ஸ்கேல் நடுங்கும்.
அது போகும்வரை பிளேடைத் தொடமாட்டேன்.

வெள்ளை பிளாஸ்டிக் ஷீட், ஒரு மில்லி கனம்.
நூறில் ஒன்று அளவில் அது பத்து சென்டிச் சுவர்.
இரண்டு சுவரை மூலையில் சேர்க்க
சோம்பேறி வழி ஒன்று உண்டு,
ஒன்றின்மேல் ஒன்றை முட்டக் கொடுப்பது.
முட்டியது மறைந்துகொள்ளும்.
முட்டக் கொடுத்ததன் கனம்
வெளியே கோடாக நிற்கும்.
எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும்
சாயங்கால வெயிலில் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு வழி, இரண்டும் பாதிப் பாதி சரிவது.
உப்புத்தாள் ஒட்டிய கட்டையை
நாற்பத்தைந்தில் சாய்த்து இழு,
நிறுத்தி ஊது, இழு.
விளிம்பு விரலைக் கீறப் போகிறது என்று
தோன்றும்போதே நிறுத்து.
அடுத்த இழுப்பில் சுவர் குட்டை.

நேர்மூலைக்கு ஒரு கருங்கல் துண்டு வைத்திருக்கிறேன்,
நாலு சென்டி,
பர்கூர் பாலிஷ் பட்டறையில் கேட்டு வாங்கியது,
யார் வீட்டு சமையல் மேடையின் மிச்சமோ.
அதன் முனையை மட்டும் கொஞ்சம் சிதைக்கச் சொன்னேன்.
பட்டறைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
முனை கூராக இருந்தால்
சால்வென்ட் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஓடிவிடும்.

இரண்டு சுவரையும் கல்லில் சாத்தி
மெல்லிய பிரஷ்ஷால்
மூட்டின் தலையில் ஒரு தொடு.
அது தானாகவே அடிவரை இறங்கும்.
இருபது எண்ண வேண்டும்.
பதினைந்தில் அவசரப்பட்டு எடுத்த ஒரு பங்களா
ஓசூரில் யாருடைய ஆபீஸிலோ
என் கட்டைவிரல் ரேகையோடு நிற்கிறது.

திம்மராயப்பாவின் மனை
சையத் பாஷா மலைக்குப் பின்னால்.
சர்வேயர் வரைபடத்தில் ஈசானிய மூலை
எண்பத்தேழு டிகிரி.
மூன்று டிரில்லர் தோற்ற பாறை ஒன்று அங்கே.
பன்னிரண்டு மீட்டர் சுவரின் மறுமுனையில்
அந்த மூன்று டிகிரி இரண்டடி.
என் பலகையில் ஆறு மில்லி.

“மாடல்ல நேராக் காட்டும்மா.
பாறையைக் கொஞ்சம் சீவி விட்டா போச்சு.”

என் பாறை தெர்மோகோல்தான், சீவலாம்.
மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகும் வண்டிகளின்
புளித்த வாசம் சால்வென்ட்டோடு கலந்து
தலை வலித்தது.
பாறையின்மேல் பிளேடை வைத்தேன், எடுத்தேன்.
பிறகு கட்டையின் சாய்வை மாற்றினேன்:
நாற்பத்து மூன்றரை.
கல்லின் ஒரு பக்கம், முனையை ஒட்டி
ஷீட் துண்டு இரண்டு செருகினேன்.
வேறு வழியில்லாமல் கல்லும் வளைந்துகொடுத்தது.
இருபது எண்ணினேன்,
ஒரு லாரி வந்ததால் முப்பது.

திம்மராயப்பா வந்து
மூலையில் மேலிருந்து கீழே கட்டைவிரலை இழுத்தார்.
கோடில்லை, பள்ளமில்லை.
“பாத்தியா, நேரா வச்சா எவ்வளவு லட்சணம்” என்றார்.
முன்பணம் போக மீதியை எண்ணி வைத்தார்.
நானும் எண்ணினேன்.

அவரோடு வந்த ஷம்ஷாத்,
பெரியாஸ்பத்திரி நர்ஸ், நைட் டூட்டிக் கண்கள்,
முதல் மாடி கேட்டவர்,
மூலையைப் பார்க்கவே இல்லை.
குனிந்து மொட்டைமாடியைப் பார்த்தார்.
“மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகும்?”

மாடலில் வாட்டம் வைப்பதில்லை.
யாரும் கேட்டதில்லை.

அவர்கள் போன பிறகு
கழுவிய பிரஷ்ஷால் மாடியில்
ஒரு சொட்டு வைத்தேன்.
கொஞ்சம் நின்றது.
இன்னொரு சொட்டு சேர்த்தேன்.
மெதுவாக நகர்ந்து
அதே மூலைக்குப் போய்
மூட்டில் நுழைய இடம் பார்த்து
கிடைக்காமல் அங்கேயே உருண்டு நின்றது.

ஆறு வருஷமாக இந்த மேசையில் வேலை செய்கிறேன்.
வடகிழக்கே சாய்ந்திருக்கிறது என்று
இப்போதுதான் தெரியும்.